யோசப்பினின் பெயரில் போன பெட்டி

குத்திக்காசு வியாபாரத்தைக் கிறிஸ்ரோபரின் கையில் கொண்டுவந்து கொடுத்தது கோயில்தான். திருவிழாக் காலத்தில் குருநகருக்கு வருகிற வெளிநாட்டுச் சனம் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, காற்சட்டைப் பையில் கிடந்ததை அள்ளிக் காணிக்கைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விடும். தாள்காசு என்றால் வங்கியில் மாற்றலாம். வெளிநாட்டுக் குத்திக்காசை எந்த வங்கியும் கையால் தொடாது. வருசக்கணக்காகச் சேர்ந்த அந்தச் சில்லறை, பால்மாப் பேணிகளிலும் ஒரு உரப்பையிலுமாகச் சுவாமியாரின் அறைக் கதவுக்குப் பின்னால் கிடந்து, போக வர எல்லாருடைய காலிலும் இடித்தது.

"உதுகளை எடுத்துக்கொண்டு போம், கிறிஸ்ரோபர்" என்றார் சுவாமியார். "உம்மாலை ஏதும் செய்ய முடிஞ்சால் செய்யும். கோயிலுக்குக் கொஞ்ச மெழுகுதிரி வாங்கித் தந்தால் காணும்."

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அது கிறிஸ்ரோபருக்கும் விளங்கியது. அந்த நாட்களில் அவனைக் கண்ட எல்லாருக்கும் எதையாவது கொடுக்கத் தோன்றியது.

அவன் அட்டை பிடிக்கிற தொழிலாளி. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கி, மணலில் கிடக்கும் கடலட்டைகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிறவன். அந்தத் தொழிலில் பெயர் எடுத்தவன். ஒருநாள் ஆழத்தில் வைத்துக் காற்று முடிந்துபோக, ஆறுதலாக ஏறி வரவேண்டிய தூரத்தை ஒரே பாய்ச்சலில் ஏறி வந்துவிட்டான். போட்டுக்குள் ஏறியிருந்து பீடி பற்றவைத்தபோது நன்றாகத்தான் இருந்தான். பீடி முடிவதற்குள் இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாததுபோல் ஆகிச் சரிந்துவிட்டான். நீண்ட காலம் ஆஸ்பத்திரியில் கிடந்தபிறகு வலது கால் திரும்பி வந்தது. இடது கால் வரவேயில்லை. யாருடையதோ ஒரு சாமானைக் காவுகிறவன்போல அதைத் தூக்கித் தூக்கி வைத்து, தடி ஊன்றித்தான் நடந்தான்.

வீட்டுச் செலவு முழுவதும் மனைவி லவீனாவின் கையில் விழுந்தது. அவள் நண்டுக் கம்பனியில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலைக்குப் போனாள். ஒரு கீறல் ஆறுவதற்குள் அவளுடைய விரல்களில் இன்னொன்று வந்துவிடும். கிறிஸ்ரோபர் பகல் முழுதும் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அப்படிக் கிடந்தபோதுதான், எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் பல நாட்டுக் குத்திக்காசுகளை வாளியில் கலந்து, கிலோக் கணக்கில் இணையத்தில் விற்கிறதைப் பார்த்தான். சேர்க்கிற பைத்தியம் பிடித்தவர்கள் வாங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறவர்களும் மாலை, தோடு செய்கிறவர்களும் வாங்கினார்கள்.

கோயில் சாக்கை விறாந்தையில் கொட்டினான். நடுவில் ஓட்டை விழுந்த நோர்வேக் காசு, டென்மார்க் காசு, இனிச் செல்லாத பிராங், மார்க், கனடாவின் செப்புச் சதம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வழியில் மொஸ்கோவில் அடைத்து வைத்திருந்தவர்கள் கொண்டுவந்து போட்ட ரஷ்யக் காசு எல்லாம் கிடந்தன. நாடு நாடாகப் பிரித்து, கறள் பிடித்ததை ஒதுக்கி, நிறுத்து, பைகளில் கட்டினான். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டை மறந்துபோனான். வேலையால் வந்த லவீனா, புருசன் நிலத்தில் கால் நீட்டியிருந்து காசை எண்ணுவதைக் கண்டு முதலில் பயந்துபோனாள்.

"என்ன, கோயில் உண்டியலை உடைச்சுப்போட்டீங்களோ?"

"சும்மா இரு. உது எல்லாம் விலைப்படும்."

விற்கிற தளத்தில் கணக்குத் திறக்கப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வருகிற காசை இலங்கையில் உள்ள ஒரு வங்கிக் கணக்கில் எடுக்க வழியில்லை. வெளிநாட்டில் ஒரு விலாசமும் ஒரு பெயரும் வேண்டும். கிறிஸ்ரோபருக்கு இருந்தது ஒரே ஒரு பெயர்தான்.

யோசப்பின் அவனுடைய ஒரே தங்கச்சி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அவன்தான் வளர்த்தான். சண்டை இறுகின காலத்தில், இங்கே வைத்திருக்கப் பயந்து, ஏஜென்சிக்குக் காசு கட்டிப் பிரான்சுக்கு அனுப்பிவைத்தான். அந்தக் காசுக்காகத்தான் வலைத்தொழிலை விட்டுச் சிலிண்டர் கட்டப் பழகினான். அதை அவன் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளுக்கு அங்கே ஒரு கலியாணம் நடந்து, முறிந்தும்போனது. இப்போது பாரிசுக்கு வெளியே லிப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில், ஒற்றை அறையில் தனியே இருந்துகொண்டு, விடியற்புறம் கந்தோர்கள் கூட்டித் துடைக்கப் போய்வந்தாள். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செலவு முழுவதையும் அனுப்பினது அவள்தான்.

அவன் விசயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் சொன்னாள்: "என்ன செய்யவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ அண்ணை. செய்யிறன்."

யாழ்ப்பாணத் தபால் கந்தோரில் இருந்த பெட்டை, சாதாரணப் பார்சலில் குத்திக்காசு போட ஏலாது என்று பொதியைத் திருப்பித் தந்துவிட்டாள். அதன்பிறகு கிறிஸ்ரோபர் கோபிசங்கரைப் பிடித்தான். கோபிசங்கர் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு மிளகாய்த்தூள், கருவாடு, முருங்கைக்காய் அனுப்புகிற தாய்தகப்பனுக்காக யாழ்ப்பாண ரவுணில் ஒரு கார்கோ கடை நடத்தினவன். மிளகாய்த்தூள், கருவாட்டுப் பைகளுக்கு நடுவே காசுப் பைகளை வைத்துக் கட்டினார்கள். பெட்டி யோசப்பினிடம் போய்ச் சேரும். செல்லக்கூடிய யூரோக் காசுகளைக் கிறிஸ்ரோபர் புறம்பாகக் கட்டி அனுப்புவான். அவற்றை அவள் தன் கடைச் செலவுக்கு வைத்துக்கொள்வாள். மிச்சத்தை வாங்கினவர்களின் விலாசங்களுக்குப் பிரித்துத் தபாலில் போடுவாள். தன் கணக்குக்கு வருகிற காசை அண்ணனுக்கு அனுப்பிவிடுவாள்.

ஒருநாள் அவள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினபடி அங்கிருந்து போன் எடுத்தாள். "அண்ணை, ஒருத்தன் எழுதியிருக்கிறான். காசு நல்லதாம், ஆனா மீன் மணக்குதாம். ஏன் எண்டு கேக்கிறான்."

"சூடைக் கருவாடு எண்டு எழுதிவிடு."

"அவனுக்குச் சூடை விளங்குமே?"

மூன்று பேரும் சிரித்தார்கள். லவீனா சிரிப்புத் தாங்காமல் சட்டையில் கண்ணைத் துடைத்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

கோயில் சாக்கு முடிந்ததும் கிறிஸ்ரோபர் ஊர் ஊராகப் போனான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எல்லாம் ஏதாவது ஒரு போத்தலில் சில்லறை கிடந்தது. கரவெட்டிப் பக்கம் மலிவாகத் தந்தார்கள். சண்டிலிப்பாயில் பொன்னம்பலம் என்றொரு புகையிலை பயிரிடுகிற கமக்காரர் மாத்திரம் அவனைப் பாடாய்ப் படுத்தினார். ஹோர்லிக்ஸ் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்.

"தம்பி, உதிலை ஒரு காசு கோடிக்குப் போகுமாம். பேரன் போனிலை காட்டினவன்."

"எது ஐயா?"

"அதுதான் தெரியேல்லை. அதாலைதான் ஒண்டையும் தரப் பயமாக் கிடக்கு."

கிறிஸ்ரோபர் போத்தலைக் கொட்டி ஒவ்வொன்றாகக் காட்டினான். எல்லாம் லண்டன் பென்சும் சுவிஸ் சில்லறையும்தான். பொன்னம்பலம் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் இருக்கட்டும்" என்று திருப்பி அள்ளி உள்ளே கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வெறுங்கையோடு வந்தவனைக் கூப்பிட்டு ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்து அனுப்பினார். அந்த மனிதரை நினைத்து நினைத்து பஸ் நெடுகத் தனியே சிரித்துக்கொண்டு வந்தான் கிறிஸ்ரோபர்.

அடுத்த வருசம் பெல்ஜியத்தில் இருந்து ஒரு வியாபாரி எழுதினான். கிலோக் கணக்கெல்லாம் வேண்டாம், மூட்டைக் கணக்கில் இருந்தால் முழுவதையும் எடுக்கிறேன், பெட்டி பாரிசுக்கு வந்து சேர்ந்தவுடன் காசு என்றான். கிறிஸ்ரோபர் அந்தச் செய்தியை லவீனாவுக்கு இரண்டு மூன்று தரம் வாசித்துக் காட்டினான்.

கையில் இருந்த காசு அவ்வளவு சரக்கு வாங்கக் காணாது. கொட்டிலில் சாக்கால் மூடிக் கிடந்த போட் இஞ்சினை விற்கிறது என்று தீர்மானித்தான்.

"இஞ்சின் கிடக்கட்டும்" என்றாள் லவீனா.

"கிடந்து என்ன செய்ய? நான் இனிக் கடலுக்குப் போகப்போறனே?"

"வாடகைக்கெண்டாலும் குடுக்கலாம். உது ஒண்டுதான் எங்களிட்டை மிச்சம்."

"பெட்டி போய்ச் சேந்தால் ரெண்டு இஞ்சின் வாங்கலாம், லவீனா."

இஞ்சினைத் தூக்கிக்கொண்டு போக நாவாந்துறையில் இருந்து ஆட்கள் வந்தபோது, லவீனா குசினிக்குள் அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

மாதக்கணக்காகச் சேர்த்தான். கொழும்பில் ஹோட்டல்களில் வேலை செய்கிற பெடியள் மூலமாகவும் சாக்குச் சாக்காக வந்தது. இவ்வளவு பாரத்தை விமானத்தில் அனுப்பக் கட்டுப்படியாகாது, கப்பலில்தான் போகவேண்டும் என்றான் கோபிசங்கர். மரப்பெட்டி அடித்தார்கள். சுங்கப் பத்திரம் எழுதுகிறபோது கோபிசங்கர் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தான்.

"குத்திக்காசு எண்டு எழுதினால் கொழும்பிலையே மறிச்சுப்போடுவாங்கள் அண்ணை. பித்தளைச் சாமான் எண்டு போடுவம்."

"பிறகு ஒரு பிரச்சினையும் வராதோ?"

"வந்தால் பாப்பம். எத்தினை பெட்டி அனுப்பியிருக்கிறன்."

பெறுகிறவர் பெயருக்கு நேரே யோசப்பினின் முழுப் பெயரையும் எழுதினார்கள்.

பெட்டி போன பிறகு கிறிஸ்ரோபருக்குச் செய்ய வேலை ஒன்றும் இருக்கவில்லை. போனில் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்த்தபடி இருந்தான். யோசப்பின் தானாகப் போன் எடுக்கிறது குறைந்தது. எடுத்தாலும் வேலை, களைப்பு, இடுப்பு உளைவு என்று இரண்டு சொல்லோடு வைத்துவிடுவாள். அவளுக்கு அங்கே குளிர் தொடங்கிவிட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டான். லவீனா மாத்திரம் ஒருதரம், "யோசப்பின்ரை குரல் சரியில்லை, என்னெண்டு கேளுங்கோ" என்றாள். அவன் கேட்டான். ஒன்றுமில்லை என்றாள் யோசப்பின். அவனும் அதை நம்பிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அண்ணை, பெட்டி வந்திட்டுது" என்றாள்.

"வந்திட்டுதோ! எப்ப? லவீனா, பெட்டி வந்திட்டுதாம்!"

"பொறுங்கோ அண்ணை. துறைமுகத்திலை உடைச்சுப் பாத்திட்டாங்கள். பித்தளை எண்டு எழுதிக் கிடக்கு, உள்ளுக்கை பாத்தால் முழுக்கக் காசு. என்னைக் கூப்பிட்டவங்கள்."

கிறிஸ்ரோபர் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஒரு மேசைக்கு அங்கால ரெண்டு பேர். மொழிபெயர்க்க ஒரு பொம்பிளை. யார் அனுப்பினது, எங்காலை காசு, நீ கூட்டித் துடைக்கிறவள், உனக்கு என்னத்துக்கு உவ்வளவு காசு எண்டு கேட்டவங்கள். நான்…" பிறகு ஒரேயடியாகச் சொல்லி முடித்தாள். "நான் அது என்ரை பெட்டி இல்லை எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை. ஆர் அனுப்பினதெண்டு எனக்குத் தெரியாது எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன்."

அவனுக்கு உடனே ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப பெட்டி?"

"பெட்டி இனி இல்லை."

"திரும்பப் போய்ச் சொல்லேலாதே? பயத்திலை மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு?"

"என்ரை வதிவிட விசாக் காட் புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு அண்ணை. பொய் எழுதின பெட்டி என்ரை எண்டு ஒத்துக்கொண்டால் காட் வராது."

அதோடு மிச்சத்தையும் சொன்னாள். அந்த விற்பனைத் தளம், அவளுடைய பெயரில் விற்ற கணக்கையெல்லாம் வரிக் கந்தோருக்கு அறிவித்திருந்தது. வருமானத்தை மறைத்தாய் என்று அவளுக்குக் கிடைத்துவந்த அரசாங்க வாடகை உதவிப் பணத்தை நிறுத்தி, முன்பு எடுத்ததையும் கட்டச் சொல்லிவிட்டார்கள். வங்கியும் கணக்கைப் பூட்டிவிட்டது. இதெல்லாம் நடந்தது போன கோடையில்.

"கோடையிலையோ? பெட்டி இஞ்சையிருந்து வெளிக்கிட முந்தியோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிடுவீங்கள். நீங்கள் இப்பதானே திரும்பச் சிரிச்சுக் கதைக்கத் தொடங்கினீங்கள். பெட்டி வந்தால் எல்லாத்தையும் சமாளிக்கலாம் எண்டு நினைச்சன்."

அந்த இடத்தில் அவன் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். "பரவாயில்லை பிள்ளை" என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். ஆனால் கண்ணுக்குள் நின்றது இஞ்சின் போய்க் காலியான கொட்டில். வாழ்நாளில் ஒருபோதும் சொல்லாததை அவனுடைய வாய் சொல்லிவிட்டது.

"உன்னை அனுப்பத்தான் நான் சிலிண்டர் கட்டத் தொடங்கினது. அது தெரியுமோ உனக்கு?"



"தெரியும் அண்ணை" என்றாள் யோசப்பின். "அதாலைதானே இவ்வளவும்."

போன் நின்றுவிட்டது. திரும்ப எடுத்தான். அடித்து அடித்து ஓய்ந்தது.

லவீனா கதவு நிலையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். இஞ்சினைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உங்களுக்கு அவள் மாட்டன் எண்டு சொல்லுவாள் எண்டு நினைச்சே கேட்டனீங்கள்?" என்றாள். "அவளின்ரை பேரைக் கேக்கேக்கையே எங்களுக்குத் தெரியும், அவளாலை மறுக்க ஏலாதெண்டு."



அடுத்த நாள் கோபிசங்கரின் கடைக்குப் போனான். கோபிசங்கர் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான், தேத்தண்ணிக்குச் சொன்னான். "அவ தன்ரை இல்லை எண்டு கையெழுத்து வைச்சாப் பிறகு அதுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை அண்ணை. அனுப்பினது நான் எண்டு நீங்கள் வெளிக்கிட்டால், அவ சொன்னது பொய் எண்டு ஆகும்" என்றான். அது உண்மைதான். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்தான். பெல்ஜியக்காரன் சில தரம் எழுதிக் கேட்டான். பிறகு விட்டுவிட்டான். மூட்டை மூட்டையாகச் சரக்கை வேறு யாரிடமிருந்தாவது வாங்கியிருப்பான். அவனுக்கு அது ஒரு பெரிய விசயமாக இருந்திராது.

வீட்டில் இன்னும் கொஞ்சக் காசு மிச்சம் கிடந்தது. கறள் பிடித்ததென்று ஒதுக்கினது, பிறகு பிரிக்கலாம் என்று விட்டது. பழைய இரும்பு எடுக்கிறவன் வந்தபோது லவீனா அதையும் நிறுத்துக் கொடுத்தாள். கிறிஸ்ரோபர் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஓட்டைக் காசொன்று உருண்டுபோய்ப் படிக்குக் கீழே விழுந்தது. அதை எடுக்க அவன் குனியவில்லை.

யோசப்பினைப் பற்றி வேறு ஆட்கள் மூலமாகத்தான் செய்தி வந்தது. வாடகை கட்ட ஏலாமல் அந்த அறையை விட்டுவிட்டாளாம். யாரோ ஒரு குடும்பத்தோடு, அவர்களின் குசினிக்குப் பக்கத்தில் படுக்கிறாளாம். காட் இன்னும் கையில் வரவில்லையாம், வருமோ வராதோ என்று சொல்லமுடியாதாம். கிறிஸ்ரோபர் பல தரம் போனைக் கையில் எடுத்தான். என்ன சொல்லி எடுக்கிறது? மன்னிப்புக் கேட்டால், "ஐயோ அண்ணை, நீங்கள் என்னட்டைக் கேக்கிறதோ" என்பாள். சொன்ன சொல் அப்படியே இருக்கும். காசு அனுப்பலாம் என்றால் காசு இல்லை. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு லவீனாதான் எடுத்துக் கதைத்தாள். "அண்ணை பக்கத்திலையோ?" என்று யோசப்பின் கேட்டபோது, அவன் கையை அசைத்து இல்லையென்று காட்டினான். கோயிலுக்குப் போயிட்டார் என்றாள் லவீனா. யோசப்பினுக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கும்.

பங்குனி மாதத்தில் லவீனா நண்டுக் கம்பனியில் கதைத்து அவனுக்கும் ஒரு இடம் எடுத்துக் கொடுத்தாள். ஆம்பிளையள் அங்கே கூடை தூக்குகிற, ஐஸ் தள்ளுகிற வேலைதான் செய்வார்கள். நண்டு உடைக்கிறது பொம்பிளையளின் வேலை. உட்கார்ந்து செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்பதால், கிறிஸ்ரோபர் அவர்களோடு நீள மேசையில், தலையில் வெள்ளை வலைத்தொப்பியோடு, லவீனாவுக்குப் பக்கத்தில் இருந்தான். முதல்நாள் வாசலில் நின்ற பழைய கூட்டாளிகள் அவனைக் கண்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லைப்போல் இருந்தது. அவனுக்கு வேலை ஓடவில்லை. சதை ஓட்டோடு போய்விடும். மேற்பார்வை செய்கிற பெட்டை வந்து பார்க்கும்போது, லவீனா தன்னுடைய தட்டில் இருந்து ஒரு கை அள்ளி அவனுடைய தட்டில் போட்டுவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம், பக்கத்தில் மாட்டியிருந்த லவீனாவின் பைக்குள் போன் அதிர்ந்தது. அவள் ஈரக் கையால் பையைச் சற்று விலக்கிப் பார்த்தாள்.

"யோசப்பின்" என்றாள். "உங்கடை போனுக்கு எடுத்துப் பாத்திட்டு எனக்கு எடுக்கிறாள் போலை. எழும்பி வெளியாலை போய்க் கதையுங்கோவன். நான் பெட்டையிட்டைச் சொல்லுறன்."

அவன் கையில் ஒரு நண்டுக் கால் இருந்தது. அதைப் பார்த்தபடியே இருந்தான். அவன் தடியை எடுத்து, கையுறையைக் கழற்றி, மேசையைச் சுற்றி வாசலுக்குப் போகிறதற்குள் போன் நின்றுவிடும் என்று நினைத்தான். உண்மையில் போன் வெகுநேரம் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

"வீட்டை போய் எடுப்பம்" என்றான்.

வீட்டுக்குப் போய் அவன் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் எடுக்கவில்லை. என்ன சொல்ல எடுத்தாள் என்று லவீனாவுக்கும் தெரியாது.